ஒரு பக்கம் குழாய், ஒரு பக்கம் தகடு

மலை யாத்திரை சீசன் தொடங்கி நல்லதண்ணியில் கூட்டம் அலைமோதிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவித்த சோளம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அந்த ஜீப்பைப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது. முன்னால் புதிதாக விளக்குகள் முளைத்திருந்தன. ஆனாலும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கதவுகளுக்குக் கீழே வலது பக்கம் உருண்டைக் குழாயும் இடது பக்கம் தட்டையான தகடுமாக ஓடுகிற ஜீப் இந்த மலைநாட்டில் வேறு இருக்க முடியாது.

பக்கத்தில் நின்ற டிரைவரிடம், "இது ஏன் தம்பி ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரி இருக்கு?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"அது பெரிய தலவலி அக்கா. வாங்கும்போதே இப்பிடித்தான் இருந்துச்சு. பாக்குறவங்கல்லாம் கேக்குறாங்க. பழைய ஆளுகிட்டயே கேட்டுக்கலாம்னு பாத்தா, அவரும் வத்தளையில மக வீட்டுல செத்துட்டாராம்."

அவர் இறந்தது எனக்கு முன்பே தெரியும். இருந்தும் முன்பின் தெரியாத ஓர் ஆள் அதைப் போகிற போக்கில் சொன்னபோது மீதிச் சோளத்தைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். அவரைப் பற்றி யாரிடம் பேசப் போனாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது.

நாங்கள் அவரை ஜீப்பு மாமா என்போம். உறவு முறையெல்லாம் கிடையாது. அக்கரப்பத்தனைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், எங்களுக்கு எதிரே இருந்த வரிசை வீட்டு லயத்தில் கடைசி அறை, கடைசிக் காம்பரா, அவருடையது. என் கணவர் சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்று கூப்பிட்டதால், வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கும் அவர் மாமா ஆனார். வெளிநாட்டில் லொறி ஓட்டிவிட்டு வந்து, அந்தக் காசில் ஒரு பழைய ஜீப்பை வாங்கி வைத்திருந்தார். மழை பெய்தால் எங்கள் டிவிஷனுக்கு வேறெந்த வாகனமும் ஏறாது. பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போவதற்குள் நோயாளிக்கு நோய் இரட்டிப்பாகிவிடும். ஆகவே ஆஸ்பத்திரி, பிரசவம், பரீட்சை, கல்யாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் அந்த ஜீப்தான்.

நல்ல உயரம். முன்னால் கொஞ்சம் வழுக்கை. குளிருக்கு மூக்கு வரை இழுத்துவிட்ட ஒரு மப்ளர். கேட்பதற்கு முன்னால் தாடையை ஒருமுறை சொறிந்துகொள்வார். பிறகு கேட்பார்.

"நீ என்ன சொல்ற?"

இதுதான் அந்த மனிதர். இதைத் தவிர அவரிடமிருந்து வேறு வாக்கியம் வருமா என்று எனக்குப் பல நாள் சந்தேகம் இருந்திருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் சீனி போட்டுக் குடிப்பதா, வெறும் தேத்தண்ணி குடிப்பதா என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பார். அட்டன் கடையில் செருப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதே கடைக்குச் செருப்பு வாங்க வந்த முகம் தெரியாத ஆளிடம், "கறுப்பா, காப்பிக் கலரா? நீங்க என்ன சொல்றீங்க?" என்பார். ஒரு செத்த வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது, தன் காம்பராக் கதவுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று மூன்று பேரைக் கேட்டார் என்று என் மாமியார் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார். அப்புறம் ஊரெல்லாம் கேட்டதில் பாதிப் பேர் நீலம் என்றார்கள், பாதிப் பேர் பச்சை என்றார்கள். கடைசியில் கதவு வெளியே நீலமாகவும் உள்ளே பச்சையாகவும் ஆனது.

இதில் என்னைக் குழப்பிய விஷயம் என்னவென்றால், அவர் கேட்டால் காதுகொடுத்துக் கேட்பார். வேறு சிலரைப் போல, ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுச் சும்மா மரியாதைக்குக் கேட்கிற ஆள் இல்லை. நாம் சொல்லும்போது வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஏன் என்று கேட்பார். சொன்னதைப் பத்து நாள் கழித்து ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்வார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்களிடம் எங்கள் லயத்தில் வேறெந்த ஆம்பிளையும் அப்படி யோசனை கேட்டதை நான் பார்த்ததில்லை. எரிச்சல் வரும். அதோடு, நம்மையும் ஒரு ஆளாக நினைத்துக் கேட்கிறாரே என்று கொஞ்சம் மனசு குளிரவும் செய்யும். எது நிஜம் என்று பிடிபடாது.

அவர் மனைவியை நான் அத்தை என்பேன். ஒருநாள் விறகு பொறுக்கிக்கொண்டே, "எப்பிடி அத்தை இவரோட காலந்தள்ளுறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அத்தை சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கி, பெரியவங்கல்லாம் பேசி முடிச்சுட்டாங்க. தேத்தண்ணி குடுக்கப் போன எங்கிட்ட இவரு மெதுவாக் கேட்டாரு, 'நான் ஒன்னக் கட்டிக்கலாமா, நீ என்ன சொல்ற?'ன்னு. எங்க லயத்துல பொண்ணுகிட்ட யாரு புள்ள கேட்டா? அதுல விழுந்தவதான் நான். இன்னும் எந்திரிக்கல."

இந்த மனிதரை நம்பித்தான் நான் பிள்ளை பெற வேண்டியிருந்தது.

நான் அப்போது பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்துகொண்டிருந்தேன். கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில். தலைப்பிரசவம். இரத்த அழுத்தம் வேறு ஏறி இறங்கியது. "வலி வந்தா ஒரு நிமிசமும் வீட்டுல வச்சிருக்கக் கூடாது, நேரா நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்று மிட்வைஃப் மிஸ் என் மாமியாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கொண்டுபோக ஒரே வழி அந்த ஜீப். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தவரை நான் கவலைப்படவில்லை.

எட்டாம் மாதத்தில் அது கெட்டது. தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவருக்கு நெஞ்சுவலி என்று மாமா அவரை ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் பாதையில் வண்டி வளைந்து திரும்பும் ஒரு முடக்கு உண்டு. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். கானை ஒட்டி யானை படுத்த மாதிரி ஒரு கல். ஈரத்தில் ஜீப் வழுக்கி வலது சக்கரங்கள் கானுக்குள் இறங்க, வண்டியின் பக்கவாடு அந்தக் கல்லில் உட்கார்ந்துவிட்டது. கதவுக்குக் கீழே இருக்கிற விளிம்பு அப்பளம் மாதிரி நொறுங்கியது. வலது பக்கக் கதவுகள் இறுகித் திறக்கவே இல்லை. இடது பக்கம் திறந்தால் கால் வைக்கப் பள்ளம்தான். பின்பக்கத்தில் யாரோ ஏற்றியிருந்த உர மூட்டைகள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடத் திணறுகிறவரை உள்ளே வைத்துக்கொண்டு மாமா கதவை உதைத்தார், கத்தினார். ஆட்கள் ஓடிவந்து கண்ணாடி வழியாக நோயாளியை இழுத்து எடுத்தார்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டு திரிகிறார். "ஒன்னும் ஆகல்லையே, விடுங்க" என்று எல்லாரும் மாமாவைத் தேற்றினார்கள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு சும்மா நின்றார். அன்றைக்கு மட்டும் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாள் கேட்க ஆரம்பித்தார். ஜீப்புக்கு இரண்டு பக்கமும் சைட் பார் போட வேண்டும். கதவுக்குக் கீழே நீளமாக ஒரு இரும்பு, வண்டியின் அடிச்சட்டமான செஸியோடு சேர்த்து வெல்டிங் வைத்தது. இனிமேல் கல்லில் மோதினாலும் அந்த இரும்புதான் அடி வாங்கும், கதவு இறுகாது. நல்ல யோசனைதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் என்ன மாதிரி பார்?

உருண்டைக் குழாய் போட்டால் கல்லில் வழுக்கிக்கொண்டு போய்விடும், ஆனால் மிதித்து ஏற முடியாது. தட்டையான தகடு போட்டால் வயசானவர்கள் மிதித்து ஏறலாம், ஆனால் கல்லில் மாட்டிக்கொள்ளலாம். இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு எங்கள் டிவிஷன் ஒரு மாதம் தூங்கவில்லை.

ஜீப்பைக் கினிகத்தேனையில் வெல்டிங் மேஸ்திரியான ஒரு சிங்கள பாஸிடம் விட்டிருந்தார். வெல்டிங் வேலையில் கெட்டிக்காரர் என்று நான்கு பேர் சொல்லியிருந்தார்களாம். வண்டி அங்கே பட்டறை வாசலில் நிற்க, மாமா இங்கே கண்ணாடி வெடித்த போனில் விதவிதமான ஜீப்புகளின் படங்களை வைத்துக்கொண்டு லயம் லயமாகத் திரிந்தார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கேட்டார். "சேலையக் கட்டிக்கிட்டு அம்புட்டு ஒசரத்துல எப்பிடி ஏறுறது? தகடுதான் போடணும்" என்றார்கள் பெண்கள். "தகடு போட்டா அதுல நின்னு தொங்கிக்கிட்டு வருவாங்க, வண்டி பள்ளத்துல போயிரும். குழாய்தான்" என்றார் கங்காணி. கொழும்பிலிருந்து லீவில் வந்த இளவட்டங்கள் குழாய் என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் இரண்டும் நல்லதுதான் என்றார். என் மாமியார், "அந்தக் கல்ல ஒடைச்சா முடிஞ்சு போச்சு" என்றார். உடைக்கத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்குவதற்குள் என் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும் என்று நான் சொன்னேன்.

என்னிடமும் வந்தார். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ என்ன சொல்ற புள்ள? குழாயா, தகடா?"

"எதையாச்சும் போட்டு வண்டிய மொதல்ல கொண்டாங்க மாமா."

"அது பதில் இல்லையே புள்ள."

"எனக்கு நாள் நெருங்கிக்கிட்டு இருக்கு. வண்டி அங்க நிக்கிது, நீங்க இங்க படங்காட்டுறீங்க. எனக்குப் பயமா இருக்கு மாமா."

அவர் முகம் என்னவோ போல ஆனது. போனை மடியில் கட்டிக்கொண்டு, "எனக்கும்தான்" என்றார். வண்டிக்கு அடிபட்டுவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு இரும்புத் துண்டுக்கு இவ்வளவு யோசனையா? என் உயிரும் பிள்ளையின் உயிரும் ஒரு குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் தொங்குகிறதே என்று அன்றைக்கு நன்றாக அழுதேன். என் மாமியார் வேறு ஏற்பாடு செய்யலாம் என்று பார்த்தார். தோட்டத்து லொறி கீழ் டிவிஷனில் இருந்தது. கூப்பிட்டால் வரும், ஆனால் எப்போது வரும் என்று அந்த லொறிக்கே தெரியாது.

ஒன்பதாம் மாதமும் பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அத்தை ஓடிவந்து, "மாமா பூக் கட்டிப் பாக்கப் போறாரு, வாங்க" என்றார்.

எங்கள் டிவிஷனில் கல்யாணப் பேச்சு, வெளிநாட்டுப் பயணம், வீடு மாறுவது என்று மனசு இரண்டுபட்டால் மாரியம்மன் முன்னால் பூக் கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெரிய காரியங்களுக்குத்தான் செய்வார்கள். ஜீப்பின் சைட் பாருக்கு அம்மனைக் கேட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

கோயில் வாசல் நிறைந்துவிட்டது. குழாய்க்காரர்கள் ஒரு பக்கம், தகட்டுக்காரர்கள் ஒரு பக்கம். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி வைத்து, "நெனச்சுக்கோங்க" என்றார். மாமா கண்ணை மூடினார். மூடியவர் திறக்கவே இல்லை. உதடு மட்டும் எதையோ வேண்டிக்கொண்டு அசைந்தது. சைட் பாருக்கு இவ்வளவு உருக்கமா என்று பின்னால் யாரோ கிண்டல் அடித்தார்கள். நானும் சிரித்தேன்.

பக்கத்து லயத்துச் சிறுமி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை.

மாமா அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் நிறைந்திருந்தது. கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை.

"வெள்ளைன்னா எது அண்ணே? குழாயா, தகடா?"

மாமா அந்த ஆளைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். அவர் எதையோ யோசிப்பது போலவும் இருந்தது, எங்கேயோ தொலைந்துபோனவர் போலவும் இருந்தது.

"அதான்... நீங்க என்ன சொல்றீங்க?"

அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம். வெள்ளை என்றால் குழாய் என்று அவர் காலையிலேயே தன்னிடம் சொன்னதாகக் கங்காணி அடித்துச் சொன்னார். தகடு என்றுதான் சொன்னார் என்று கொழுந்துப் பெண்கள் சண்டைக்குப் போனார்கள். "நீங்கதான் குலுக்குனீங்க, நீங்க சொல்லுங்க" என்று பூசாரியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பாவம், மணியை எடுத்து ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மனிடம் கேட்டுவிட்டுக் கேள்வியை மறந்த மனுசன் என்ற பெயர் அன்றைக்கு அவருக்கு விழுந்தது. கடைசி வரைக்கும் அது போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் மாமா கினிகத்தேனைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் மத்தியானம் ஹோர்ன் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு ஓடினேன். ஜீப் வந்து நின்றது. வலது பக்கம் குழாய். இடது பக்கம் தகடு.

எல்லாரும் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றிப் பார்த்தார்கள். அத்தைதான் முதலில் சிரித்தார். "கதவுக்குப் பெயிண்ட் அடிச்ச மாதிரியே பண்ணிட்டாரு பாரு."

பாஸ் மாமாவுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்கும்படி புலம்பினார். சிங்களம் கலந்த தமிழ். "ஒரு பக்கம் ஒன்னு, மத்தப் பக்கம் ஒன்னு. நான் இப்பிடி வேல செஞ்சதே இல்ல மஹத்தயா. யாரு செஞ்சதுன்னு கேட்டா என் பேரச் சொல்ல வேணாம், ஹரித?" ஹரித என்றால் சரியா என்று அர்த்தம். மாமா, "ஹரி, ஹரி" என்று பெருமூச்சுவிட்டுப் போனை வைத்தார்.

அந்த வாரமே எனக்கு வலி வந்தது. பகல்தான், ஆனால் மழையில் பகல் மாதிரி இல்லை. ஓடிவந்த மாமா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொன்னார். நான் தகட்டை மிதித்து ஏறினேன். ஏறும்போதே, தகட்டுக்காரர்கள் சொன்னது சரிதான் என்று அந்த வலியிலும் நினைத்தேன். மாமியாரும் அத்தையும் என் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். பின்பக்கம் ஒரு மூட்டைகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்.

அந்த முடக்கு வந்தது. மாமா வண்டியை ஊர்வது போலத்தான் விட்டார். ஆனாலும் மண் காலை வாரிவிட்டது. ஜீப் பக்கவாட்டில் வழுக்கி, வலது சக்கரங்கள் கானுக்குள் இறங்கி, தடாலென்று கல்லில் மோதி உட்கார்ந்தது. அதே இடம், அதே கல். என் மாமியார் "மாரியாத்தா!" என்று அலறினார். மாமா எஞ்சினை அணைத்தார். அவர் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. தன் பக்கத்துக் கதவை, தொட்டால் சுட்டுவிடும் என்பது போல, மெதுவாகத் தள்ளினார்.

திறந்தது.

குதித்து இறங்கி, பின் கதவை இழுத்தார். அதுவும் திறந்தது. "தொறக்குது புள்ள! கதவு தொறக்குது!" என்று மழையில் நின்றுகொண்டு கத்தினார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. குழாய் கல்லின் மேல் உட்கார்ந்து மொத்த வண்டியையும் தாங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சத்தம் கேட்டு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மழைக்குப் போர்த்தும் படங்கைத் தலையில் போட்டபடி இறங்கி ஓடிவந்தார்கள். கான் வெட்டிக்கொண்டிருந்த ஆம்பிளைகளும் வந்தார்கள். என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, மேட்டுப் பக்கம் நிறுத்தி, ஒரு அக்கா தன் படங்கை எடுத்து என் மேல் பிடித்தார். வண்டியை வெளியே எடுக்க வேண்டும். மாமா வழக்கம்போல் தாடைக்குக் கையைக் கொண்டுபோனார்.

"அந்தப் பக்கம் ஆளு ஏறினா பள்ளத்துல சரிஞ்சிருமோ? இந்தப் பக்கம் தூக்குனா..."

"கேட்டது போதும்! போயி ஸ்டார்ட் பண்ணுங்க!" என்று படங்கு பிடித்த அக்கா கத்தினார்.

மாமா ஏறி உட்கார்ந்தார். ஜீப் கான் பக்கம் சாய்ந்திருந்ததால், அதை நிமிர்த்த மறுபக்கம் பாரம் வேண்டியிருந்தது. பெண்கள் வண்டியின் முன்பக்கமாகத் தொற்றி, இடது பக்கத் தகட்டில் வரிசையாக ஏறி, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆம்பிளைகள் கானுக்குள் இறங்கி வலது பக்கக் குழாயைக் கைநிறையப் பிடித்தார்கள். குழாயாக இருந்ததால் பிடிக்க முடிந்தது. தகடாக இருந்ததால் நிற்க முடிந்தது. "ஏலேலோ" என்று ஒரு குரல். வண்டி உறுமியது, சேற்றை வாரி இறைத்தது, ஏறியது.

நுவரெலியாவில் நான் கண் விழித்தபோது என் மகள் என் பக்கத்தில் கிடந்தாள்.

அதற்குப் பிறகு டிவிஷனில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல குழாய்னு" என்றார் கங்காணி. "நாங்க தகடுல நிக்கலன்னா ஒங்க குழாய் என்னா செஞ்சிருக்கும்?" என்றார்கள் பெண்கள். என் பிள்ளையைத் தூக்க வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைத் தாங்களே காப்பாற்றியதாக நினைத்துத்தான் தூக்கினார்கள். மாமா யாரையும் மறுக்கவில்லை. எல்லாரும் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டினார். எனக்குத்தான் மண்டை குழம்பியது. எதிர்பாராமல் நடந்த அதிர்ஷ்டமா? எல்லாரையும் கேட்டதால் எல்லாருக்கும் நல்லது நடந்ததா? இல்லை, இந்த மனிதர் நாங்கள் நினைத்ததைவிடப் பெரிய ஆளா? அவர் முகத்தைப் பார்த்தால் இது எதுவுமே தெரியாது.

என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அத்தைக்கு முடியாமல் போயிற்று. தன் மகள் கூப்பிடுகிறாள் என்று மாமா ஜீப்பை விற்றுவிட்டு வத்தளைக்குக் கிளம்பினார். போகலாமா வேண்டாமா என்று இந்தத் தடவையும் எல்லாரையும் கேட்டார். போக வேண்டாம் என்று சொல்ல எல்லாருக்கும் ஆசை, அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் சொல்லவில்லை. நானும் மகளும் பஸ் ஏற்றிவிடப் போனோம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மாமா பெட்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். இப்போது கேட்காவிட்டால் இனிக் கேட்கவே முடியாது என்று தோன்றியது.

"மாமா, இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னைக்கி வெள்ளைப் பூன்னா எது? குழாயா, தகடா?"

அவர் சிரித்தார். மப்ளரைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"நான் அம்மன்கிட்ட சைட் பாரப் பத்திக் கேக்கவே இல்ல புள்ள."

"அப்ப?"

"அந்தக் கதவு தொறக்காம போனதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அந்த மனுசன் என் கண்ணு முன்னால மூச்சுக்குத் தவிச்சத நான்தானே பாத்தேன். அடுத்து நீ. தலப்புள்ள. என் கையால ஒன்னய ஏத்திட்டுப் போயி வழியில ஏதாச்சும் ஆயிட்டா? ஊரெல்லாம் குழாயா தகடான்னு கேட்டேன். நான் கேக்கணும்னு நெனச்சது அது இல்ல. இந்தப் புள்ளய நான் கொண்டு போகலாமா, எனக்கு அந்தத் தைரியம் இருக்கான்னு யாருகிட்டப் போயி கேக்குறது? கேட்டா நீ பயந்துருவ. அதான் ஆத்தாகிட்ட கேட்டேன். வெள்ளை வந்தா நான் கூட்டிட்டுப் போறேன்னு."

பஸ் ஹோர்ன் அடித்தது.

"வெள்ளை வந்திருச்சு. அப்புறம் பார் எதுவா இருந்தா என்ன? பாஸ்கிட்ட ஒரு பக்கத்துக்குத்தான் குழாய் இருந்துச்சு. மத்தது வர ஒரு வாரம் ஆகும்னான். கல்லு இருக்கிற பக்கம் அதப் போடு, மத்தப் பக்கம் கெடக்குற தகட வச்சு ஒட்டு, எனக்கு நேரம் இல்லன்னேன்."

இத்தனை வருஷமும் கேள்வியை மறந்த மனுசன் என்று எல்லாரும் சிரித்தபோது அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அதைத் தடுக்க வேறு ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது.

"அன்னைக்கி செவப்பு வந்திருந்தா என்ன மாமா செஞ்சிருப்பீங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். தாடையை மெதுவாகச் சொறிந்தார். பிறகு குனிந்து, என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற?" என்று அவளிடம் கேட்டார்.